விளையாட்டு வீரர்கள் ஏன் சிரிக்கவைப்பதில்லை?

அன்புள்ள ஆசிரியருக்கு,

அண்மையில் ஒரு ஸ்லாப்ஸ்டிக் படம் பார்த்தேன். உலகமே அறிந்த விளையாட்டு வீரர்கள்தான் நாயகர்கள். ஒவ்வொருவரும் திரையில் வந்தபோது விசில் பறந்தது. அதற்குப் பிறகு அரங்கில் சிரிப்பே இல்லை. சறுக்கி விழுகிறார்கள், கதவில் மோதிக்கொள்கிறார்கள், தலையில் மாவு கொட்டுகிறது. எதுவும் எடுபடவில்லை. ஸ்லாப்ஸ்டிக் என்பதே உடம்பால் செய்யும் காமெடிதானே? நாகேஷ் கையையும் காலையும் வைத்தே நம்மைச் சிரிக்கவைத்தவர். அப்படியிருக்க, உடம்பை ஆளத் தெரிந்த வீரர்களால் ஏன் முடியவில்லை? ஓய்வுபெற்ற ஒரு கால்பந்து வீரரை வைத்து நண்பர்களோடு குறும்படம் எடுக்கப்போகிறேன். அதனால்தான் கேட்கிறேன்.

அன்புடன்,
பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உடம்பை ஆளத் தெரிந்திருப்பதுதான் அங்கே தடை. எதிரே வருவதை முன்கூட்டியே கண்டுகொள்ளத்தான் ஒரு வீரர் சிறுவயதிலிருந்து பழகுகிறார். பந்து கிளம்புவதற்குள் அவருடைய கால் நகர்ந்துவிடும். காமெடி நடிகருக்கு வேண்டியது இதற்கு நேர்மாறானது. தரையில் கிடக்கும் பழத்தோல் அரங்கில் உள்ள அத்தனை பேர் கண்ணிலும் பட்டிருக்க வேண்டும், அவன் ஒருவன் கண்ணில் மட்டும் படக்கூடாது. நீங்கள் பார்த்த படத்தில் அந்த வீரர்கள் விழும் இடங்களை மறுபடி ஓட்டிப் பாருங்கள். சறுக்குவதற்கு முன்பே தோள் சுருளத் தொடங்கியிருக்கலாம், தாடை நெஞ்சோடு ஒட்டியிருக்கலாம். அடிபடாமல் விழப் பழகிய உடம்பு அப்படித்தான் செய்யும். விழப்போவது அவருக்குத் தெரியும் என்பதை நம் கண் பிடித்துவிடுகிறது. சிரிப்பு அங்கேயே செத்துவிடுகிறது.

மௌனப்பட காலத்துக் காமெடி நடிகர் பஸ்டர் கீட்டனின் 'காலேஜ்' (1927) படத்தைத் தேடிப் பாருங்கள். கீட்டன் எந்த வீரருக்கும் குறையாத உடல்திறன் கொண்டவர். ஆனால் அதில் அவர் நடிப்பது, காதலிக்காக மைதானத்தில் இறங்கி எல்லா விளையாட்டிலும் தோற்கும் ஒரு புத்தகப்புழுவாக. தடை ஓட்டத்தில் தடைகளை வரிசையாகத் தட்டிவிட்டுக்கொண்டே ஓடுகிறார். அத்தனை முறை தவறினாலும் எந்தத் தவறும் வேண்டுமென்றே செய்ததாகத் தெரியாது. இறுதியில் கோலை ஊன்றித் தாவி ஜன்னலுக்குள் பாயும் காட்சியை மட்டும் அவருக்காகச் செய்தவர் லீ பார்ன்ஸ். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் கோலூன்றித் தாண்டுதலில் தங்கம் வென்றவர். தங்கப் பதக்கக்காரர் செய்த தாவலில் நாம் வாய்பிளக்கிறோம். சிரிப்பெல்லாம் தோற்றுப்போன கீட்டனுக்கே போய்ச் சேர்ந்துவிட்டது.

இன்னொரு காரணம் புகழ். பெரிய வீரரை அழைத்துவந்த பிறகு அவரை இழிவுபடுத்த இயக்குநருக்குக் கை வராது. விழுந்தவுடனேயே அவர் எழுந்து ஒரு சாகசம் செய்து காட்டுவார், ரசிகர்கள் கைதட்டுவார்கள். கைதட்டலும் சிரிப்பும் ஒரே இடத்தில் வராது. 'ஏர்ப்ளேன்!' (1980) படத்தில் கரீம் அப்துல்-ஜப்பார் துணை விமானியாக வருகிறார். 7 அடி 2 அங்குல உயரம், அப்போது அமெரிக்கக் கூடைப்பந்தின் உச்சத்தில் இருந்தவர். ஒரு சிறுவன் அவரை அடையாளம் கண்டுகொள்கிறான். இல்லை, நான் விமானிதான் என்று அவர் சாதிக்கிறார். தடுப்பாட்டத்தில் நீங்கள் உழைப்பதே இல்லை என்று அப்பா சொல்வார் என்கிறான் பையன். அவ்வளவுதான், கரீமுக்குக் கோபம் தலைக்கேறிவிடுகிறது, தன் வாயாலேயே தான் யார் என்று காட்டிக்கொடுத்துவிடுகிறார். அடி விழுந்த இடம் உடம்பு அல்ல, பெயர். அதை அவர் மனமுவந்து வாங்கிக்கொண்டதால்தான் அது இன்றும் சிரிக்கவைக்கிறது. கீட்டன் காலத்து இன்னொரு காமெடி நடிகரான ஹெரால்ட் லாயிடின் 'ஸ்பீடி'யில் (1928) பேஸ்பால் மன்னன் பேப் ரூத்தும் இப்படித்தான். லாயிட் ஓட்டும் டாக்சியின் பின்னிருக்கையில் உட்கார்ந்து பயப்படுவது மட்டுமே அவர் வேலை.

இவர்களெல்லாம் சிறு வேடங்களில் வந்தவர்கள். நாயகனாக வேண்டும் என்றால் எனக்கு மிகவும் பிடித்தவர் பட் ஸ்பென்சர். இயற்பெயர் கார்லோ பெதர்சோலி. 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலை ஒரு நிமிடத்துக்குள் நீந்திய முதல் இத்தாலியர், 1952 ஹெல்சிங்கி, 1956 மெல்போர்ன் ஒலிம்பிக் போட்டிகளில் நீந்தியவர். நடிகரான பிறகு அவர் தன் நீச்சலைக் காட்டிக்கொண்டிருக்கவில்லை. நான்கு பேர் மேலே பாய்வார்கள், அவர் பாட்டுக்கு நிற்பார். முகத்தில் கோபம்கூட இருக்காது, சாப்பாட்டு நேரத்தில் தொந்தரவு செய்கிறார்களே என்ற அலுப்புதான். பிறகு முஷ்டியைத் தலை உச்சியில் ஒரே போடு. சுற்றி இருப்பவர்கள்தான் பறந்து விழுவார்கள்.

உங்கள் வீரர் ஓய்வுபெற்றவர் என்பது நல்ல விஷயம். களத்தில் இருப்பவர் என்றால் காயத்துக்கு அஞ்சி எல்லாவற்றுக்கும் டூப் போட வேண்டிவரும். அவருடைய புகழ்பெற்ற உதையைப் படத்தில் வைக்காதீர்கள். அவரால் உண்மையிலேயே முடியாத ஒரு காரியத்தைக் கண்டுபிடித்து அதை முழு மனதோடு செய்யச் சொல்லுங்கள். தலை முதல் கால் வரை தெரியும்படி கேமராவைத் தள்ளி வைத்து, வெட்டாமல் எடுங்கள். முதல் டேக்கையும் கண்டிப்பாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். இரண்டாவது டேக்கிலேயே அவர் உடம்பு அதைக் கற்றுக்கொண்டுவிடும்.