ஸ்டேலிக்கு மட்டும் எப்படி வந்தது? (கடிதம்)

அன்புள்ள அக்கா,

கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறேன், கூடைப்பந்து ஆடுகிறேன். 2024 அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் இறுதி ஆட்டத்தை நள்ளிரவு பன்னிரண்டரைக்குப் போனில் பார்த்தேன். அன்றிலிருந்து சவுத் கரோலினா கோச் டான் ஸ்டேலியைப் பற்றிக் கிடைப்பதை எல்லாம் படிக்கிறேன். ஆனால் எங்கள் சார், "நல்லா ஆடினவங்க நல்ல கோச்சா வர மாட்டாங்க. தனக்குத் தானா வந்தது அடுத்தவங்களுக்கு ஏன் வரலைன்னு அவங்களுக்குப் புரியாது" என்கிறார். ஸ்டேலிக்கு மட்டும் எப்படி வந்தது?

ஒரு வாசகி, கரூர்

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் சார் சொல்வதில் விஷயம் இருக்கிறது. ஆனால் அது ஆட்டம் தானாகக் கைவந்தவர்களுக்குப் பொருந்துவது. ஸ்டேலி வடக்கு பிலடெல்பியாவில் ரேமண்ட் ரோஸன் என்ற அரசுக் குடியிருப்பில் ஐந்து பிள்ளைகளில் கடைக்குட்டியாக, பையன்களோடு ஆடி வளர்ந்தவர். உயரம் ஐந்தடி ஆறங்குலம். அவர் ஆடியது பாயிண்ட் கார்டு. அந்த இடத்தில் நிற்பவளின் வேலை உங்களுக்கே தெரியும்: யார் எங்கே ஓடுவாள், யாருக்கு எந்தப் பக்கம் கொடுத்தால் பிடிப்பாள், இன்றைக்கு யாருக்கு மூச்சு வாங்குகிறது, எல்லாவற்றையும் பந்தைத் தட்டிக்கொண்டே பார்க்க வேண்டும். கோச்சுக்கு வெளியே என்ன வேலையோ அதேதான், உள்ளே ஓடிக்கொண்டே செய்வது.

அப்புறம் தோல்வி. வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காக ஆடியபோது மூன்று வருடம் தொடர்ந்து கடைசி நான்கு அணிகளுக்குள் வந்தார், ஒரு முறைகூடக் கோப்பை இல்லை. 1990-லும் 1992-லும் அரையிறுதியில் ஸ்டான்ஃபோர்டிடம், அதிலும் 1992-ல் ஒரே ஒரு புள்ளியில். நடுவில் 1991 இறுதி ஆட்டம், டென்னஸியோடு, கூடுதல் நேரம் வரை போய் 70-67 என்று தோற்றார்கள். அன்று ஸ்டேலி 28 புள்ளி எடுத்தார், தோற்ற அணியில் இருந்தும் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்குத்தான் போனது. பிறகு 1996, 2000, 2004 என்று மூன்று ஒலிம்பிக் தங்கம், ஏதென்ஸில் அமெரிக்கக் கொடியைத் தூக்கிப் போனவரும் அவரே. ஆனாலும் கல்லூரிக் கோப்பை கிடைக்காமலே போனது.

உங்கள் கேள்விக்கு நான் சொல்லக்கூடிய உண்மையான பதில் 2000-ல் இருக்கிறது. டெம்பிள் பல்கலைக்கழகம் கூப்பிட்டபோது கோச் ஆகும் எண்ணமே அவருக்கு இல்லை, வற்புறுத்தித்தான் ஒத்துக்கொண்டார். ஆடுவதையும் விடவில்லை. 2006 வரை கோடையில் டபிள்யூஎன்பிஏ என்ற அமெரிக்கப் பெண்கள் தொழில்முறைத் தொடரில் இன்னொரு கோச் சொல்வதைக் கேட்டு ஆடுகிறவர், குளிர்காலத்தில் கல்லூரிப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவர். பெஞ்சில் உட்காரவைத்தால் எப்படி இருக்கும் என்பது மறந்துபோக அவருக்கு அவகாசமே கிடைக்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

2008-ல் சவுத் கரோலினா வந்தார். முதல் சீசனில் 10 வெற்றி, 18 தோல்வி. அடுத்தது 14-15. நம் ஊரில் என்றால் அதோடு ஆளை மாற்றியிருப்பார்கள். முதல் கோப்பை 2017-ல்தான் வந்தது, அந்த 70-67-க்கு இருபத்தாறு வருடம் கழித்து. 2022-ல் இன்னொன்று. 2023-ல் 36 ஆட்டம் வரிசையாக ஜெயித்துவிட்டு அரையிறுதியில் ஐயோவாவிடம் தோற்றார்கள், ஆட்டத்தைத் தொடங்கும் முதல் ஐந்து பேரும் அணியை விட்டுப் போனார்கள். அடுத்த வருடம் புது ஐவரோடு 38-0. நீங்கள் பார்த்த ராத்திரி நானும் விழித்திருந்தேன். முதல் கால்பகுதியில் கெய்ட்லின் கிளார்க் மட்டுமே 18 புள்ளி போட்டு ஐயோவா 27-20 என்று முன்னால் நின்றபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. கடைசியில் 87-75. கோப்பை வாங்கும் மேடையில் நின்று, இந்த ஆட்டத்தைத் தூக்கி நிறுத்தியதற்காக எதிரணியின் கிளார்க்குக்கு நன்றி சொன்னார் பாருங்கள், அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது வலை விஷயம். அங்கே கோப்பை ஜெயித்ததும் ஏணி போட்டு ஏறி, கத்தரிக்கோலால் கூடையின் வலையை அறுத்து எடுப்பார்கள். 1999-ல் பர்டூ அணியை ஜெயிக்க வைத்த கேரலின் பெக்தான் இந்தக் கோப்பையை வென்ற முதல் கறுப்பினப் பெண் கோச். அவர் தன் வலையிலிருந்து ஒரு துண்டை 2015-ல் ஸ்டேலியிடம் கொடுத்தார், நீ ஜெயித்ததும் திருப்பிக் கொடு என்று. இரண்டே வருடத்தில் ஸ்டேலி ஜெயித்தார், அந்தக் கோப்பையை வென்ற இரண்டாவது கறுப்பினப் பெண் கோச் ஆனார். இனி தன் வலையை யாருக்குக் கொடுப்பது? 2021-ல் அதைத் துண்டு துண்டாக வெட்டி, முதல் நிலைக் கல்லூரி அணிகளில் தலைமைக் கோச்சாக இருந்த கறுப்பினப் பெண்கள் அத்தனை பேருக்கும் அனுப்பிவைத்தார். ஒரு விரல் நீளம் நைலான் கயிறு, விலை என்று பார்த்தால் ஒன்றும் இல்லை. என் கண்ணுக்கு அதுவும் ஒரு பாயிண்ட் கார்டின் பாஸ்தான்.

2025-ல் அவர் சம்பளம் வருடத்துக்கு 40 லட்சம் டாலர் ஆனது, பெண்கள் கல்லூரிக் கூடைப்பந்தில் அதுவரை யாருக்கும் இல்லாத தொகை. பல்கலைக்கழகம் இருக்கும் கொலம்பியா நகரில் சிலையும் வைத்துவிட்டார்கள். சந்தோஷம்தான்.

உங்கள் சாரிடம் அந்த 10-18 சீசனைச் சொல்லுங்கள். அப்புறம், நீங்கள் எந்த இடத்தில் ஆடுகிறீர்கள் என்று எழுதவே இல்லையே?

அன்புடன்,
அக்கா