ஊருணிக் கரையில் ஒரு தோட்டம்

கேள்வி: ஆச்சிக்கு வணக்கம். எங்கள் ஊர் கானாடுகாத்தான் பக்கம். ஊருணிக்கு மேற்கே சீமைக் கருவேலம் மண்டிக் கிடந்த பொது இடத்தைச் சுத்தம் செய்து, பத்துப் பெண்கள் ஆளுக்கொரு துண்டாகக் கத்தரி, வெண்டை, கொத்தவரை போட்டிருக்கிறோம். இப்போது அங்கே கட்டடம் வரப்போவதாகப் பேச்சு. இங்கிலாந்தில் இருக்கும் என் மகள், அங்கே இந்த மாதிரித் தோட்டங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு என்கிறாள். நமக்கு வழி இல்லையா?

பதில்: மகள் சொல்வது சரிதான். காய்கறி போட இடம் கேட்பவர்கள் இருந்தால் உள்ளாட்சி மன்றம் துண்டு நிலம் ஒதுக்க வேண்டும் என்று அங்கே 1908-இலேயே சட்டம் வந்துவிட்டது. வழக்கமான துண்டு ஒன்று நம் கணக்கில் ஆறேகால் சென்ட். அதற்கென்று வாங்கிய நிலத்தை அரசின் ஒப்புதல் இல்லாமல் விற்க முடியாது என்பது 1925-ஆம் ஆண்டுச் சட்டம். நாம் வேறு வழியில்தான் போக வேண்டும்.

முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம் போய், அந்தச் சர்வே எண் ‘அ’ பதிவேட்டில் என்ன வகையில் இருக்கிறது என்று பாருங்கள். ஊருணிப் புறம்போக்கு என்றிருந்தால், எனக்கு மனசு கஷ்டமாக இருந்தாலும் சொல்கிறேன், தோட்டத்தை வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் பெய்வதை நம்பித்தான் இந்தச் செம்மண் பூமியே இருக்கிறது. அந்தத் தண்ணீரைத் தேக்கத்தான் பெரியவர்கள் ஊருணி வெட்டினார்கள். வரத்துக்காலில் கத்தரிச் செடி நின்றாலும் அடைப்பு அடைப்புதான்.

தரிசு என்றிருந்தால் விடாதீர்கள். ஆனால் யார் பெயருக்கும் பட்டா கேட்க வேண்டாம், ஆளாளுக்கு வேலியும் வேண்டாம். பஞ்சாபில் ஊர்க் குளத்தை மூடி வீடு கட்டிய வழக்கில், பொது நிலத்தை ஆக்கிரமிப்பிலிருந்து மீட்டு ஊருக்கே கொடுக்க எல்லா மாநிலங்களும் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நீங்கள் கையில் வைத்துக்கொள்ள வேண்டிய தீர்ப்பு அது. தனித்தனியாக வேலி போட்டால் அதே தீர்ப்பு உங்கள் மேல் திரும்பும்.

குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, இதில் எது அடுத்து வருகிறதோ அன்றைய கிராம சபைக்குப் பத்துப் பேரும் போய் உட்காருங்கள். சர்வே எண்ணைச் சொல்லி, ‘ஊர்ப் பொதுக் காய்கறித் தோட்டம்’ என்று தீர்மானம் எழுதச் சொல்லுங்கள். நோட்டில் ஏறியதைப் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்து. அப்புறம் அதன் நகலோடு, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள்.

இரண்டு துண்டைப் பொதுவில் வைத்து, அதன் காயை அங்கன்வாடிக்குக் கொடுத்தால் ஊரும் உங்கள் பக்கம் நிற்கும். அந்தத் துண்டில் மொச்சை ஊன்றுங்கள். ஆடியில் போட்டால் பொங்கலுக்குப் பறிக்கலாம்.