கேசட்டிலிருந்து மாற்றிய பாட்டுகளைக் கணினியில் எப்படி ஒழுங்குபடுத்துவது?

கும்பகோணத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: தாத்தாவின் நாதஸ்வர, கச்சேரி கேசட்டுகளை எம்பி3 ஆக்கியாயிற்று, பிளேயரில் எல்லாமே 'டிராக் 01' என்றுதான் தெரிகிறது.

ஃபூபார்2000, மியூசிக்பீ போன்ற பிளேயர்கள் நூலகத்தை அடுக்குவது கோப்பின் பெயரை வைத்தல்ல, கோப்புக்குள் இருக்கும் டேக்கை, அதாவது தலைப்பு, வாசித்தவர் போன்ற விவரக் குறிப்பை வைத்து. ஆகவே ஃபோல்டர்களை மாற்றி மாற்றி அடுக்கிப் பயனில்லை. எம்பி3டேக் என்ற இலவச மென்பொருளில் நூறு கோப்புகளைச் சேர்த்துப் பிடித்து ஒரே தடவையில் டேக் எழுதலாம். கோப்புப் பெயரில் விவரம் இருந்தால் அதையே டேக்காக மாற்றவும் வழி உண்டு.

பெயர்களில்தான் வம்பே. 'டி.என்.ராஜரத்தினம் பிள்ளை', 'ராஜரத்னம்', 'டி.என்.ஆர்' என்று எழுதினால் திருவாவடுதுறை நாதஸ்வர வித்வான் ஒருவரே பிளேயருக்கு மூன்று பேர். ஒரே எழுத்துக்கூட்டலை முடிவு செய்து கடைசிவரை மாற்றாதீர்கள். ஆர்ட்டிஸ்ட் இடத்தில் வாசித்தவர், கம்போசர் இடத்தில் தியாகராஜர். ராகத்துக்குத் தனி ஃபீல்டு கிடையாது. நான் ஜான்ரில் (இசை வகைக்கான இடத்தில்) போடுகிறேன். 'கர்நாடக சங்கீதம்' என்று எல்லாவற்றுக்கும் போட்டு என்ன லாபம்? தோடி என்று போட்டால் தோடி மட்டும் வந்து நிற்கும்.

தமிழில் எழுதுவதானால் எம்பி3டேக்கில் டேக் வடிவத்தை ஐடி3வி2.3, எழுத்துக் குறியாக்கத்தை யூடிஎஃப்-16 என்று அமைத்துக்கொள்ளுங்கள். பழைய டேக் வடிவமான ஐடி3வி1-இல் தலைப்புக்கு 30 பைட்தான், யூனிகோடு தமிழுக்கு அது ஒத்துவராது.

தொடங்குமுன் எல்லாவற்றையும் வெளி ஹார்டு டிஸ்கில் ஒரு நகல் எடுத்துவிடுங்கள். நம் பக்கம் கரண்ட் போகிற லட்சணம் தெரியுமல்லவா!