வெயிலில் சார்ல்ஸ்டன், சவானா: கிளம்பும் முன் சில கேள்விகள்

ஜூன் பிறந்துவிட்டால் எனக்கு வரும் கேள்விகளில் பாதி இந்த மூன்று ஊர்களைப் பற்றித்தான்: தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன், ஜார்ஜியாவின் சவானா, ஃபுளோரிடாவின் செயின்ட் அகஸ்டின். பிள்ளைகளை சம்மர் கேம்பிலோ ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தா பாட்டியிடமோ விட்டுவிட்டு, கணவனும் மனைவியும் மட்டும் காரை எடுத்துக்கொண்டு கிளம்புகிற பயணம். இந்த முறை வந்தவற்றில் சில.

கேள்வி: அட்லாண்டாவிலிருந்து கிளம்புகிறோம். ஐந்து நாள் இருக்கிறது. மூன்று ஊரையும் பார்த்துவிடலாமா?

பார்த்துவிடலாம், பார்த்த திருப்திதான் இருக்காது. அட்லாண்டாவிலிருந்து சவானா சுமார் 250 மைல். மேக்கன் போய் ஐ-16 நெடுஞ்சாலையைப் பிடித்தால் நான்கு மணி நேரம். அங்கிருந்து சார்ல்ஸ்டன் வடக்கே இரண்டு மணி நேரம், செயின்ட் அகஸ்டின் தெற்கே இரண்டரை மணிக்கு மேல். மூன்றையும் சேர்த்தால் ஐ-95-இல் ஏறுவதும் இறங்குவதுமாகவே விடுமுறை தீர்ந்துவிடும். சவானாவில் இரண்டு இரவு, சார்ல்ஸ்டனில் இரண்டு இரவு, பிறகு கொலம்பியா வழியாக வீடு. செயின்ட் அகஸ்டினை இன்னொரு நீண்ட வார இறுதிக்கு வைத்துக்கொள்ளுங்கள். 1565-இலிருந்து இருக்கிற ஊர், எங்கும் போய்விடாது.

ஒன்று மட்டும் கேளுங்கள். சவானாவிலிருந்து சார்ல்ஸ்டனுக்கு ஜிபிஎஸ் சொல்லும் வேகமான வழியில் போகாமல், ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொண்டு பியூஃபர்ட் வழியாகப் போங்கள். ராபர்ட் ஸ்மால்ஸ் அடிமையாகப் பிறந்த ஊர் அது. 1862 மே மாதத்தில் ஒரு விடியற்காலை, கேப்டனின் வைக்கோல் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, உள்நாட்டுப் போரில் அடிமை முறைக்காக வடக்கோடு மோதிய தென் மாநிலங்களின் கூட்டமைப்புப் படைக்குச் சொந்தமான 'பிளான்டர்' என்ற கப்பலை சார்ல்ஸ்டன் துறைமுகத்திலிருந்தே ஓட்டிக்கொண்டு போனவர் அவர். கப்பலில் அவர் குடும்பமும் இருந்தது. கோட்டைகளுக்கு முறைப்படி சைகை கொடுத்துக்கொண்டே கடந்து வடக்குப் படையிடம் போய்ச் சேர்ந்தார். பின்னாளில் காங்கிரஸ் உறுப்பினரானார். எந்த எஜமானின் வீட்டுப் பின்கட்டில் பிறந்தாரோ அந்த வீட்டையே விலைக்கு வாங்கினார். வீடு இன்றும் இருக்கிறது; வெளியிலிருந்து பார்க்கலாம். அங்கிருந்து ஹைவே 17-இல் போகும்போது கம்பாஹி ஆறு வரும். தானே அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்த ஹேரியட் டப்மன் வழிகாட்டி 1863 ஜூனில் 700-க்கும் மேற்பட்டவர்களை அடிமைத்தனத்திலிருந்து மீட்டுக் கொண்டுபோன ஆறு. பாலத்துக்கு அவர் பெயர்தான். வண்டியில் அரை நிமிடத்தில் கடந்துவிடும், கவனமாகப் பாருங்கள்.

கேள்வி: ஜூலையில் போகிறோம். நாங்கள் சென்னைக்காரர்கள், வெயில் ஒன்றும் செய்யாதுதானே?

சென்னைக்காரர்கள் யாராவது மே மாதம் மதியம் இரண்டு மணிக்கு மெரினாவில் நடப்பார்களா? அதே கணக்குத்தான் இங்கும். வெயில் 90 ஃபாரன்ஹீட்டைத் தாண்டும், புழுக்கம் அதற்கு மேல். பிற்பகலில் பல நாள் இடி மழை. இந்த ஊர்களைக் கோடையில் காலை ஆறரை முதல் பத்தரை வரையும், மாலை ஐந்துக்குப் பிறகும்தான் பார்க்க வேண்டும். நடுவில் ஏசி இருக்கும் மியூசியம், சாப்பாடு, தூக்கம். தூக்கத்துக்குக் கூச்சப்படாதீர்கள்.

சார்ல்ஸ்டனில் விடிந்ததும் பேட்டரி கடற்கரைச் சுவரில் ஆரம்பித்து ஈஸ்ட் பே தெரு வழியாக நடங்கள். ரெயின்போ ரோ என்கிற 13 வண்ண வீடுகளும் கிழக்குப் பார்த்தவை. போட்டோ எடுக்க வேண்டுமென்றால் காலை வெளிச்சம்தான். பக்கத்துத் தெருக்களில் வீடுகள் தெருவுக்கு ஒடுக்கமான பக்கத்தைக் காட்டிக்கொண்டு நிற்கும். நீளப் பக்கத்தில் மாடிக்கு மாடி தாழ்வாரம், பெரும்பாலும் தெற்கையோ மேற்கையோ பார்த்து, கடற்காற்றைப் பிடிப்பதற்காக. தெருக் கதவைத் திறந்தால் வீட்டுக்குள் போக மாட்டீர்கள், தாழ்வாரத்துக்குத்தான் போவீர்கள். சவானா இந்த விஷயத்தில் கொஞ்சம் கருணையுள்ள ஊர். 1733-இல் ஊரை நிறுவிய ஓகிள்தார்ப் போட்ட திட்டப்படி வளர்ந்த சதுக்கங்களில் 22 இன்னும் மிச்சம். பெரும்பாலானவற்றில் ஓக் மர நிழல், பெஞ்சு. இரண்டு தெருவுக்கு ஒரு முறை உட்காரலாம்.

சார்ல்ஸ்டனில் கடல் ஏற்ற நேரத்தையும் பார்த்துவையுங்கள். ஏற்றமும் பெருமழையும் சேர்ந்தால் பழைய நகரத் தெருக்களில் தண்ணீர் ஏறிவிடும். ஒரு முறை தெருவோரம் காரை விட்டுவிட்டுச் சாப்பிடப் போனோம். திரும்பி வந்தபோது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் காருக்குப் போக முடிந்தது. அன்றிலிருந்து மேல்தளம் உள்ள பார்க்கிங் கட்டடத்தில் மட்டும்தான் விடுகிறேன்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். அங்கே பட்டினிதானா?

பட்டினி இல்லை, ஆனால் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். கீரை என்று நம்பி காலர்ட் கீரையை வாங்காதீர்கள். பன்றிக்காலோடு வேகவைப்பதுதான் வழக்கம். ஹாப்பின் ஜான் என்பது அரிசியும் காராமணியும்தான், அதிலும் பன்றி இருக்கும். ரெட் ரைஸும் அப்படியே. கிரிட்ஸ் மக்காச்சோள ரவைக் கஞ்சி, நமக்குப் பிடிக்கும். கோழிச் சாறு ஊற்றினார்களா என்று கேளுங்கள். வறுத்த வெண்டைக்காய், பச்சைத் தக்காளி வறுவல் எல்லாம் நன்றாக இருக்கும். இறால் பொரித்த அதே எண்ணெயாக இருக்கலாம் என்பதுதான் சிக்கல்.

ஆனால் ஒன்று: சாலையோரத்தில் 'பாயில்டு பீனட்ஸ்' பலகை கண்டால் வண்டியை ஓரங்கட்டிவிடுங்கள். உப்புத் தண்ணீரில் வேகவைத்த பச்சை வேர்க்கடலை, தோலோடு, சுடச்சுட. அமெரிக்காவில் இத்தனை வருடத்தில் எனக்கு ஊர் ஞாபகத்தை இவ்வளவு சீக்கிரம் கொண்டுவந்த தீனி வேறில்லை. சார்ல்ஸ்டனில் பென்னே வேஃபர் என்று எள் பிஸ்கட் கிடைக்கும். முதல் நாளுக்குப் புளியோதரை கட்டிக்கொண்டு போவதை நான் சொல்லவே வேண்டாம்.

கேள்வி: பிளான்டேஷன் வீடுகள் அழகாக இருக்குமாமே. திருமண நாள் போட்டோ எடுக்க எது நல்லது?

போட்டோவுக்கு என்றால் சார்ல்ஸ்டன் பக்கத்திலிருக்கும் பூன் ஹால் தோட்டத்தின் ஓக் மரச் சாலை. ஆனால் அதே சாலையோரம் அடிமைகள் வாழ்ந்த ஒன்பது செங்கல் குடிசைகள் நிற்கின்றன. அவற்றை விட்டுவிட்டு மரத்தை மட்டும் படமெடுக்க எனக்கு மனம் வந்ததில்லை. தோட்டம் என்ற சொல்லுக்கு மலையகத்திலும் மலாயாவிலும் என்ன பொருள் என்று நமக்குத் தெரியும். அது கூலி, இது அடிமைத்தனம், இரண்டும் ஒன்றல்ல. ஆனாலும் பெரிய வீட்டை மட்டும் பார்த்துவிட்டு வருவது நமக்குச் சரியாக வராது.

நான் அனுப்புவது ஜேம்ஸ் தீவில் இருக்கும் மெக்லியாட் தோட்டத்துக்கு. அங்கே வழிகாட்டிகள் உழைத்தவர்களின் கதையிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். மதிய வெயிலுக்கு 2023-இல் திறந்த சர்வதேச ஆப்பிரிக்க அமெரிக்க மியூசியம். அடிமைக் கப்பல்கள் வந்து நின்ற கேட்ஸ்டன் துறையிலேயே கட்டியிருக்கிறார்கள்.

நெல் கதையைக் கேட்காமல் திரும்பாதீர்கள். சார்ல்ஸ்டனின் பணம் பெரும்பாலும் அரிசிப் பணம். நெல் விளையும் மேற்கு ஆப்பிரிக்கக் கரையிலிருந்து பிடித்து வரப்பட்டவர்கள் சதுப்பில் கரை எழுப்பி, கடல் ஏற்றத்தில் எழும்பும் ஆற்று நீரை மரமதகு வைத்து வயலுக்குள் விட்டு வடித்தார்கள். டெல்டாக்காரர்களுக்குப் படத்தைப் பார்த்ததுமே புரிந்துவிடும். நெல் புடைக்க அவர்கள் பின்னிய அகலத் தட்டு நம் முறத்தின் வேலையைச் செய்தது. சிட்டி மார்க்கெட்டிலும் மவுன்ட் பிளசன்ட் ஹைவே 17 ஓரத்திலும் அவர்கள் வழிவந்த 'கல்லா' (Gullah) சமூகப் பெண்கள் பின்னி விற்கும் ஸ்வீட்கிராஸ் புல் கூடை அந்த வழியில் வந்ததுதான். விலை அதிகம் என்று தோன்றும். ஒரு கூடைக்கு நாள்கணக்கில், பெரிதென்றால் வாரக்கணக்கில் உட்கார வேண்டும். பேரம் பேச வேண்டாம்.

கேள்வி: கணவருக்குக் கோட்டை பைத்தியம், எனக்கு ஒன்று போதும். எது?

சவானாவிலிருந்து டைபீ கடற்கரைக்குப் போகும் வழியில் இருக்கும் ஃபோர்ட் புலாஸ்கி. உடைக்கவே முடியாது என்று நம்பிய தடித்த செங்கல் சுவரை, 1862 ஏப்ரலில் புதுவகைப் பீரங்கிகள் சுமார் 30 மணி நேரத்தில் துளைத்துவிட்டன. குண்டுகள் இன்னும் சுவரில் பதிந்திருக்கின்றன. அவர் அதைப் பார்க்கட்டும், நீங்கள் மதியத்துக்குள் கடலில் இருக்கலாம். உள்நாட்டுப் போரின் முதல் குண்டு வெடித்த, சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் இருக்கும் ஃபோர்ட் சம்டருக்குப் படகில்தான் போக முடியும், அரை நாள் போய்விடும். தேசியப் பூங்கா பாஸ் புலாஸ்கிக்குச் செல்லும். சம்டர் படகு டிக்கெட்டுக்குச் செல்லாது.

கேள்வி: புயல் பயம்?

சீசன் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. ஆகஸ்ட் பாதிக்கு மேல்தான் தீவிரம். ரத்து செய்தால் பணம் திரும்பும் ரூமாகப் போடுங்கள், அவ்வளவுதான்.

கேள்வி: சவானாவில் தெருவிலேயே கையில் பீரோடு நடக்கலாமாமே, உண்மையா?

உண்மை. பழைய நகர எல்லைக்குள், 16 அவுன்ஸுக்கு மேற்படாத பிளாஸ்டிக் கப்பில், 21 வயது ஆனவர்கள். பாட்டிலும் டின்னும் கூடாது. சார்ல்ஸ்டனில் இந்தச் சலுகை இல்லை, அங்கே முயற்சி செய்ய வேண்டாம். அப்புறம், மிச்சத்தை கப் ஹோல்டரில் வைத்துக்கொண்டு ஹோட்டலுக்குப் போகலாம் என்றும் நினைக்காதீர்கள்.