அறை அவர்களுக்கு, வட்டி உங்களுக்கு

கேள்வி: கோலாலம்பூர் செந்தூலில் இருக்கிறோம். எனக்கு வயது 38, ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. கணவர் குளிர்சாதனம் பழுது பார்ப்பவர். இரண்டு பிள்ளைகள். இருவருக்கும் சேர்த்துக் கைக்கு வருவது மாதம் 6,300 வெள்ளி (ரிங்கிட்). மூன்று மாதத்தில் என் அண்ணன் மகளுக்குப் பினாங்கில், பத்து ஃபெரிங்கி கடற்கரை விடுதி ஒன்றில் திருமணம். வெள்ளிக்கிழமை இரவு கடற்கரை விருந்து, சனிக்கிழமை நலங்கும் வரவேற்பும், ஞாயிறு காலை முகூர்த்தம். எங்கள் பக்கம் ஏழு அறைகள் வேண்டும். "உன் கார்டில் போட்டுவிடு, பிறகு தந்துவிடுகிறோம்" என்கிறார்கள். கார்டில் ஏற்கெனவே 9,600 வெள்ளி நிற்கிறது. குறைந்தபட்சத் தொகைதான் கட்டுகிறேன். இந்த ஆண்டில் நான்கு முறை தாமதமாகிவிட்டது. கார் எண்ணெய்க்கும் மளிகைக்கும் மாதம் 300 அதிலேயே தேய்க்கிறேன். லங்காவி, கேமரன் மலைத் திருமணங்களுக்குப் போட்ட அறைப் பணத்தில் அண்ணன் 1,900, சித்தப்பா 1,000, தம்பி 700 இன்னும் தரவில்லை. லங்காவியில் யாரோ படுக்கை விரிப்பில் மருதாணிக் கறை ஆக்கியதற்குக்கூட என் கார்டில்தான் 80 வெள்ளி பிடித்தார்கள். அத்தை என்ற முறையில் 1,500 வெள்ளிக்கு ஒரு கைச்சங்கிலியும் போட வேண்டும். ஊழியர் சேமநிதியில், எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய மூன்றாவது கணக்கில் 4,000 இருக்கிறது. அதை எடுக்கலாமா, தனிநபர் கடன் வாங்கலாமா, தவணைச் செயலியில் போடலாமா? சிக்கனமாகப் போய்வரவும் வழி சொல்லுங்கள். — ஒரு வாசகி

பதில்: சகோதரி, கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் உங்களுக்கு வட்டி என்றால் என்ன என்று நான் பாடம் நடத்தப்போவதில்லை. அலுவலகத்தில் ஒரு வாடிக்கையாளர் இரண்டு ஆண்டாகப் பாக்கி வைத்துக்கொண்டு மறுபடியும் சரக்குக் கேட்டால் என்ன செய்வீர்கள்? மேலாளரிடம் கொண்டுபோவீர்கள், சரக்கை நிறுத்துவீர்கள். வீட்டில் மட்டும் அந்தக் கணக்குப் புத்தகத்தை ஏன் மூடிவைத்துவிடுகிறீர்கள்?

மூன்று கிணறுகளைக் காட்டி எதில் குதிக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஏழு அறைகளில் உங்களுடையது ஒன்றுதான். மற்ற ஆறும் உங்கள் கார்டுக்கு ஏன் வந்தன என்ற கேள்வி கடிதத்தில் எங்குமே இல்லை. உங்கள் சிக்கல் பினாங்கும் அல்ல, திருமணமும் அல்ல. குடும்பத்துக்கு நீங்கள் நடத்திவரும் வட்டியில்லா வங்கி. வட்டியில்லாதது அவர்களுக்கு.

அவர்கள் வைத்திருக்கும் பாக்கி 3,600. உங்கள் கார்டுக்கு 18 சதவீதம் என்றால் மாதம் ஒன்றரை. ஆக 54 வெள்ளி. லங்காவியில் உங்கள் சித்தப்பா இரண்டு இரவு நிம்மதியாகத் தூங்கினார். அந்தத் தூக்கத்துக்கு நீங்கள் இன்னும் மாதாமாதம் வாடகை கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். மருதாணிக் கறைக்கும் சேர்த்துத்தான்.

இப்போது புதிய ஏழு அறைகளைப் பாருங்கள். வார இறுதியில் அந்தக் கடற்கரையில் நடுத்தர விடுதி அறை 480 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். 8 சதவீத சேவை வரியும் பினாங்கு மாநிலம் வாங்கும் சில வெள்ளிக் கட்டணமும் சேர்ந்தால் 520 அளவில் வரும். ஏழு அறை, இரண்டு இரவு: 7,280. பழைய 9,600உடன் சேர்த்தால் 16,880. இதற்கு ஒரு மாத வட்டி மட்டும் 253 வெள்ளி. பழைய பாக்கியை முழுதாக அடைக்காதவருக்கு அந்த 20 நாள் வட்டியில்லாச் சலுகையும் கிடையாது. அறைப் பணம் கணக்கில் ஏறிய நாளிலிருந்தே வட்டி ஓடும். போதாததற்கு, அறைச் சாவி கொடுக்கும்போது அறைக்கு 100, 200 என்று முன்பணமும் கார்டில் பிடித்துவைப்பார்கள். ஏழு அறைக்கும் உங்கள் கார்டு என்றால், யார் விரிப்பில் என்ன சிந்தினாலும் பில் உங்களுக்கு.

நீங்கள் கேட்ட மூன்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தனிநபர் கடன் விளம்பரத்தில் 7 சதவீதம் என்று போட்டிருந்தால் அது தட்டை வட்டியா என்று கேளுங்கள். தட்டை வட்டி என்றால், 10,000 வாங்கி ஐந்து ஆண்டில் கட்டினால் வட்டி மட்டும் 3,500, மாதத் தவணை 225. அசல் குறைந்துகொண்டே வந்தாலும் வட்டி முதல் நாள் தொகைக்கே போடப்படுவதால் உண்மையில் 12.5 சதவீதம் அளவில் வருகிறது. தவணைச் செயலி என்பது இப்போதைய மோகம். சட்டை வாங்கினால் மூன்று தவணை, செருப்பு வாங்கினால் மூன்று தவணை என்று நீட்டிக்கொண்டே வருகிறது. பல செயலிகளில் வட்டி இல்லை என்பது உண்மைதான், தேதி தவறும் வரை. இந்த ஆண்டிலேயே நான்கு முறை தேதி தவறியவருக்கு அது ஏற்றதல்ல.

மூன்றாவது கணக்குக்கு மட்டும் கொஞ்சம் நின்று பதில் சொல்ல வேண்டும். 2024 மே மாதம் அது திறக்கப்பட்டதிலிருந்து வாரம் ஒரு கடிதமாவது இதைப் பற்றி வருகிறது. சேமநிதி 2024ஆம் ஆண்டுக்குக் கொடுத்த ஈவு 6.30 சதவீதம். உங்கள் கார்டு எடுப்பது 18. கணக்கை மட்டும் பார்த்தால் 4,000த்தை எடுத்துக் கார்டை அடைப்பது லாபம். ஆனால் இன்று அதைச் செய்தால் கார்டில் 4,000 இடம் காலியாகும், அடுத்த வாரமே நான்கு அறைகள் அதில் ஏறும். ஆகவே திருமணம் முடிந்து, வேறு யார் அறையும் உங்கள் கார்டில் ஏறாமல் வீடு திரும்பிய பிறகு எடுங்கள். எடுத்த பணம் நேராகக் கார்டுக்குப் போகட்டும். திருமணச் செலவுக்கு அதிலிருந்து ஒரு சென்னும் வேண்டாம்.

கார்டு விஷயத்தில் ஒன்று. 9,600க்கு 5 சதவீதம் என்றால் இப்போது கேட்கும் குறைந்தபட்சத் தொகை 480. அதில் 144 வட்டிக்குப் போகிறது, 336 அசலில் கழிகிறது, மாதக் கடைசிக்குள் நீங்கள் 300 தேய்த்து அதை மறுபடி நிரப்பிவிடுகிறீர்கள். தேய்ப்பதை நிறுத்திவிட்டு, வங்கி கேட்கும் தொகை மாதாமாதம் குறைந்தாலும் நீங்கள் அதே 480ஐக் கட்டிவந்தால் 24 மாதத்தில் கார்டு சுத்தமாகும். திருமணம் முடிந்ததும் சேமநிதி 4,000மும் சேர்ந்தால் இன்றிலிருந்து 14 மாதம் போதும். எண்ணெய், மளிகைக்கான 300ஐச் சம்பளத்திலிருந்து எடுப்பது முதல் இரண்டு மாதம் நெருக்கும், தெரியும். தொடர்ந்து 12 மாதம் தேதி தவறாமல் கட்டுபவருக்கு வட்டி 15 சதவீதமாக இறங்கும் என்பது மத்திய வங்கியான பேங்க் நெகாரா வகுத்த முறை. உங்கள் நான்கு தாமதங்கள்தான் உங்களை 18இல் நிறுத்தியிருக்கின்றன. சம்பளம் வந்த மறுநாளே வங்கி தானாக எடுத்துக்கொள்ளும்படி ஏற்பாடு செய்துவிடுங்கள்.

இனி சங்கடமான பகுதிக்கு வருவோம். அண்ணனிடம் எப்படிச் சொல்வது? அண்ணியிடம் சொல்லாதீர்கள், அம்மா வழியாகவும் சொல்லி அனுப்பாதீர்கள். வழியில் வார்த்தை மாறிவிடும். நேரே அண்ணனிடம் பேசுங்கள். அவர் உங்களுக்கு 1,900 தர வேண்டும். நீங்கள் அவர் மகளுக்கு 1,500க்குக் கைச்சங்கிலி போட நினைக்கிறீர்கள். "அண்ணா, நீங்கள் தர வேண்டிய பணத்தில் பிள்ளைக்குக் கைச்சங்கிலி எடுத்து என் சீராகத் தட்டில் வையுங்கள், மீதியை நான் கேட்கவில்லை" என்று சொல்லிவிடுங்கள். 400 வெள்ளி போனது போனதுதான். ஆனால் புதிதாக 1,500 கடன் ஏறாது, இரண்டு ஆண்டாக மனத்தில் கிடந்த முள்ளும் எடுபடும். அத்தை கையால் ஒரு புடவையும் பழத்தட்டும் வைத்தால் சபையில் ஒரு குறையும் தெரியாது. இந்த வழியை நான் எல்லாருக்கும் சொல்வதில்லை. பெண்ணின் தகப்பனே கடன்பட்டவராகவும் இருப்பது உங்கள் வசதி.

சித்தப்பாவிடமும் தம்பியிடமும் பழைய பாக்கியைக் கேளுங்கள், வந்தால் கார்டில் கட்டுங்கள். வராவிட்டாலும் புதிய பாக்கி சேரக் கூடாது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இப்படி எழுதுங்கள்: "இந்த முறை என் கார்டில் அறை போட முடியாத நிலை. அண்ணன் விடுதியில் பேசி நம் குடும்பத்துக்கான சலுகை விலையை வாங்கியதும் இங்கே போடுவார். அவரவர் பெயரில் அவரவர் பதிவு செய்துகொள்ளுங்கள். வழி தெரியாதவர்களுக்கு நான் உட்கார்ந்து பதிவு செய்து தருகிறேன், கார்டு மட்டும் உங்களுடையது." ஏன் என்று கேட்டால் காரணம் சொல்ல வேண்டாம். காரணம் சொன்னால் அதற்கு ஒரு மாற்று யோசனையோடு வருவார்கள். பெரும்பாலும் அந்த யோசனை ஊழியர் சேமநிதியாக இருக்கும்.

திருமணத்துக்கு இடம் எடுக்கும் குடும்பத்துக்கு விடுதிகள் இவ்வளவு அறைகள், இன்ன விலை, இன்ன தேதி வரை என்று நிறுத்திவைப்பது வழக்கம். அந்தத் தேதி தாண்டினால் அறைகள் பொது விற்பனைக்குப் போய்விடும், பள்ளி விடுமுறையாக இருந்தால் விலை கண்ணைக் கட்டும். அண்ணன் அந்தத் தேதியை எழுத்தில் வாங்கட்டும். சிங்கப்பூர் உறவினர் வந்தால் அவர்களுக்கு அறைக்கு இரவு ஒன்றுக்கு 10 வெள்ளி சுற்றுலா வரி தனியாக வரும். மைகாட் அடையாள அட்டை காட்டும் நமக்கு இல்லை.

நீங்கள் எத்தனை இரவு தங்குவது? வெள்ளிக்கிழமை விருந்துக்குச் சாத்திரமும் இல்லை, சம்பிரதாயமும் இல்லை. சனிக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்குச் செந்தூலில் புறப்பட்டால் பத்து, பதினொரு மணிக்குள் பத்து ஃபெரிங்கியில் இருப்பீர்கள். நலங்குக்கு நேரம் தாராளம். சனிக்கிழமை இரவு மட்டும் அந்த விடுதியிலேயே அறை எடுங்கள். அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம். முகூர்த்தத்தன்று பெண்ணுக்குத் தலை பின்ன நான்கரை மணிக்கு அத்தையைத்தான் தேடுவார்கள். அறை 520, காருக்கு எண்ணெயும் டோலும் போக வர 200, வழிச் சாப்பாடு 150, புடவையும் பழமும் 250. மொத்தம் 1,120. மூன்று மாதத்துக்கு மாதம் 375 ஒதுக்கினால் கடனே இல்லை. உங்கள் அம்மா மணப்பெண்ணின் பாட்டி. அவர் அறை அண்ணன் பொறுப்பு, அதைத் தனியாகப் பேசவேண்டிய தேவையே இல்லை.

கடற்கரை விலை தாங்காத மற்றவர்கள் ஜார்ஜ்டவுனில் தங்கட்டும். லிட்டில் இந்தியா பக்கம் எளிய விடுதிகளில் 120 முதல் 180 வெள்ளிக்குள் அறை கிடைக்கும், இறங்கி நடந்தால் இட்லி, மல்லிகைப்பூ, மாரியம்மன் கோயில். கார் இல்லாதவர்கள் கேஎல் சென்ட்ரலில் இருந்து இடிஎஸ் ரயிலில் பட்டர்வொர்த் வரை வந்தால் சுமார் நான்கு மணி நேரம். அங்கிருந்து படகு ஏறினால் ஜார்ஜ்டவுன். படகுத் துறையிலிருந்தே பத்து ஃபெரிங்கிக்கு 101ஆம் எண் பஸ் போகிறது. ஆனால் சனிக்கிழமை மாலை தஞ்சோங் தோக்கோங், தஞ்சோங் பூங்கா வழியில் வண்டிகள் நகராது, வரவேற்புக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே கிளம்பச் சொல்லுங்கள். அடுக்ககத்தில் வீடு எடுத்துப் பத்துப் பேர் தங்கலாம் என்று தம்பி சொன்னால் நில்லுங்கள் என்று சொல்லுங்கள். பினாங்குத் தீவில் குடியிருப்பு வீடுகளைக் குறுகிய நாள் வாடகைக்கு விடுவதற்குக் கட்டுப்பாடுகள் உண்டு. பட்டுப்புடவையும் பெட்டியுமாகக் காவலாளியிடம் வாசலில் நின்று வாதாடும் நிலை வரலாம்.

ஞாயிற்றுக்கிழமை அறையைக் காலி செய்யும்போது பில்லை வாங்கி, உங்கள் அறை எண் ஒன்று மட்டுமே அதில் இருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். பக்கத்தில் சித்தப்பா அவர் பில்லோடு நின்றுகொண்டிருப்பார். குழந்தைகளைக் காருக்கு அழைத்துப்போங்கள்.