ஆளில்லாத கட்டடங்கள்

அன்புள்ள அம்மா,

சிவில் டிப்ளமோ முடித்துவிட்டு, திருச்சியில் சிறிய கட்டுமான நிறுவனம் ஒன்றில் சைட் சூப்பர்வைசராக வேலை பார்க்கிறேன். சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன் ஊருக்கு வந்தபோது, உலகெங்கும் இன்று இயங்கிவரும் கட்டடக்கலைஞர்களை அறிமுகப்படுத்தும் தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்றைக் கொடுத்தார். ஆளுக்கு நான்கு பக்கம். அதில் அரைப் பக்கம் குறிப்பு, மற்றதெல்லாம் வண்ணப் படங்கள். முதல் நாள் இரவு தூங்காமல் பார்த்தேன். ஒரு வாரத்தில் சலித்துவிட்டது. எந்தப் படத்திலும் மனிதர்களே இல்லை. நான் கட்டுவதோ எண்ணூறு, ஆயிரம் சதுர அடி வீடுகள். வீட்டுக்காரர்கள் என்னிடம் கேட்பது எலிவேஷன், அதாவது முகப்புத் தோற்றம், ஒன்றைத்தான். என் போன்றவனுக்கு இந்தப் புத்தகத்தால் என்ன பயன்? கட்டடக்கலை பணக்காரர்களுக்கான கலைதானா?

செ., திருச்சி

அன்புள்ள செ.,

உங்கள் சலிப்பு நியாயமானது. அதற்குக் காரணம் கட்டடங்களைவிட, அவை படமெடுக்கப்படும் நேரம். பெயின்டர் ஏணியை எடுத்துக்கொண்டு போன பிறகு, குடிவருபவர் மூட்டை முடிச்சோடு வந்து இறங்குவதற்கு முன்பு ஒரு சிறு இடைவெளி இருக்கிறது அல்லவா, புகைப்படக்காரர் வருவது அப்போதுதான். பெரும்பாலும் கட்டடக்கலைஞரின் அலுவலகமே அவரை ஏற்பாடு செய்கிறது. தொகுப்பாசிரியரின் மேசைக்கு வந்து சேர்வதும் அந்தப் படங்கள்தாம். முதல் மழைக்குப் பிறகு சுவரில் இறங்கும் கறை, மேற்கு வெயில் தாங்காமல் யாரோ அட்டை வைத்து அடைத்த ஜன்னல், வராந்தாவில் கட்டிய துணிக்கொடி: ஒரு கட்டடத்தைப் பற்றிய நேர்மையான விமர்சனம் இவற்றில்தான் இருக்கிறது. புத்தகம் அச்சுக்குப் போகும்போது அந்த விமர்சனம் இன்னும் தொடங்கியிருக்காது.

ஆனாலும் அதை அலமாரியில் ஏற்றிவிடாதீர்கள். பெரிய படங்களைத் தாண்டி, பக்க ஓரத்தில் சின்னதாக அச்சிட்டிருக்கும், கட்டடத்தைச் செங்குத்தாக வெட்டினால் உள்ளே எப்படி இருக்கும் என்று காட்டும் குறுக்குவெட்டு வரைபடத்துக்குப் போங்கள். மற்றவர்கள் புரட்டிக் கடந்துவிடும் அந்தக் கோடுகளை உங்களால் வாசிக்க முடியும்.

பிரான்சிஸ் கெரே என்ற பெயரைத் தேடிப் பாருங்கள். இன்றைய கட்டடக்கலையைத் தொகுக்கும் புத்தகம் அவரை விட்டுவிட்டிருந்தால் அது பெருங்குறை. மேற்கு ஆப்பிரிக்காவில், புர்கினா ஃபாசோ நாட்டின் கான்டோ என்ற கிராமத்தில் 1965-இல் பிறந்தவர். ஊரில் பள்ளிக்கூடம் இல்லாததால் சிறு வயதிலேயே வீட்டைப் பிரிந்து வெளியூரில் படித்தார். பின்னாளில் பெர்லினில் கட்டடக்கலை மாணவராக இருந்தபோதே நிதி திரட்டித் தன் ஊருக்கு ஒரு தொடக்கப் பள்ளி கட்டினார். 2001-இல் அது முடிந்தது. 2022-இல், கட்டடக்கலையின் மிக உயர்ந்த விருதாகக் கருதப்படும் பிரிட்ஸ்கர் விருது அவருக்குக் கிடைத்தது. அந்த விருதைப் பெற்ற முதல் ஆப்பிரிக்கக் கட்டடக்கலைஞர் அவர்.

படத்தில் அந்தப் பள்ளி ஒரு நீளமான மண்கல் கட்டடம், மேலே தகரக் கூரை. குறுக்குவெட்டில்தான் விஷயம் இருக்கிறது. தகரம் வகுப்பறைக்குக் கூரையே அல்ல. வகுப்பறைக்கு மண்கற்களால் ஆன உட்கூரை தனியாக உண்டு; காற்று மேலேற அதில் இடைவெளிகள் விட்டிருக்கிறார்கள். அதற்கு மேலே ஒரு வெற்றிடம். அந்த வெற்றிடத்துக்கும் மேலே, கம்பிச் சட்டங்களில் ஏறி நிற்கிறது தகரம். வெயிலில் தகரம் கொதித்தாலும் அந்தச் சூடு அறைக்குள் இறங்குவதற்கு முன்பே நடுவில் வீசும் காற்று அதை அள்ளிக்கொண்டு போய்விடுகிறது. அறையின் வெப்பக் காற்று உட்கூரை வழியாக வெளியேற, ஜன்னல் வழியாகப் புதுக்காற்று வருகிறது. தகரம் சுவருக்கு வெளியே நன்றாக நீண்டிருப்பதால் மழை மண்சுவரை அரிப்பதில்லை.

அந்தச் சட்டங்கள் எதனால் ஆனவை தெரியுமா? நீங்கள் தினமும் பில்லருக்குக் கட்டுகிற அதே கம்பி. கிரேன் வர வழியில்லாத ஊரில் கனமான உத்தரங்களை எப்படித் தூக்குவது? ஊர்க்காரர்களுக்குக் கம்பி அறுக்கவும் பற்றவைக்கவும் கற்றுக்கொடுத்து, அங்கேயே செய்து ஏற்றினார்கள். பிள்ளைகள் அஸ்திவாரத்துக்குக் கல் சுமந்தார்கள். பெண்கள் தண்ணீர் சுமந்து வந்தார்கள். கட்டடக்கலை பணக்காரர்களுடையதா என்று கேட்டீர்களே, தகரத்துக்கும் உட்கூரைக்கும் நடுவில் விட்ட அந்த வெற்றிடத்துக்கு என்ன விலை இருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். நம் ஊரிலும் தகரக் கூரைக்குக் கீழே பிள்ளைகள் வேகிறார்கள். அதை நினைக்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.

படத்தை மட்டும் நம்பும் புத்தகங்கள் எதைத் தவறவிடும் என்பதற்கு பிரான்சிலிருந்து ஓர் உதாரணம். ஆன் லக்கட்டோன், ழான்-ஃபிலிப் வசால் என்ற இரு கட்டடக்கலைஞர்களையும் 1996-இல் போர்தோ நகர நிர்வாகம் அழைத்து, சிறிய சதுக்கம் ஒன்றை அழகுபடுத்தச் சொன்னது. மரங்கள், பெஞ்சுகள், சுற்றிலும் எளிய வீடுகள். அவர்கள் அங்கே போய்ப் பார்த்தார்கள், குடியிருப்பவர்களோடு பேசினார்கள். பிறகு, இந்த இடம் ஏற்கெனவே அழகாகத்தான் இருக்கிறது, எதையும் மாற்ற வேண்டாம் என்று அறிக்கை கொடுத்தார்கள். சரளையைப் புதுப்பியுங்கள், அடிக்கடி சுத்தம் செய்யுங்கள், மரங்களைக் கவனியுங்கள் என்பதோடு முடித்துக்கொண்டார்கள். முன்பும் பின்பும் ஒன்றுபோலவே இருக்கும் சதுக்கத்தை எந்தப் புகைப்படக்காரர் எடுப்பார்? நம் காலத்துக் கட்டடக்கலையின் துணிச்சலான செயல்களில் ஒன்றாக நான் இதைச் சொல்வேன்.

அதே நகரில் 1960-களில் கட்டிய மூன்று அடுக்குமாடித் தொகுதிகள், மொத்தம் 530 வீடுகள், இவர்கள் கைக்கு வந்தன. இடிக்கவில்லை. வெளிச்சுவரில் இருந்த சிறு ஜன்னல்களை அகற்றிவிட்டு, ஒவ்வொரு வீட்டுக்கும் 3.8 மீட்டர் ஆழத்துக்குக் கண்ணாடித் தாழ்வாரமும் பால்கனியும் சேர்த்தார்கள். வேலை நடந்தபோது குடியிருந்தவர்கள் அங்கேயே இருந்தார்கள். யாரும் ஊரைவிட்டோ தெருவைவிட்டோ போக வேண்டியிருக்கவில்லை. கிட்டத்தட்ட பன்னிரண்டரை அடி! ஆயிரம் சதுர அடி வீடு கட்டுபவருக்கு அந்த அளவின் அருமை தெரியும்.

இவ்வகைப் புத்தகங்களோடு எனக்கு ஒரு தீராத சண்டையும் உண்டு. ஆளுக்கு நான்கு பக்கம் என்ற ஏற்பாடே கட்டடத்தை ஒற்றை ஆளின் படைப்பாக்கிவிடுகிறது. போர்தோ வேலையில் ஃபிரெடெரிக் ட்ருவோ, கிறிஸ்டோஃப் ஹுட்டின் ஆகியோரும் பங்காளிகள். அமெரிக்கக் கட்டடக்கலைஞர் ராபர்ட் வென்டூரிக்கு 1991-இல் பிரிட்ஸ்கர் கொடுத்தார்கள்; அவரோடு சேர்ந்தே பணியாற்றிய மனைவி டெனிஸ் ஸ்காட் பிரவுனுக்குக் கொடுக்கவில்லை. 2013-இல் ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டுக் கேட்டும் விருதுக் குழு மறுத்துவிட்டது. கொத்தனாரும் சித்தாளும் இந்தக் கணக்கில் எங்குமே வருவதில்லை. சைட்டில் நிற்கும் உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

எலிவேஷன் கேட்கும் வீட்டுக்காரர்களைக் குறை சொல்ல மாட்டேன். வாழ்நாள் சேமிப்பைப் போட்டுக் கட்டுகிறவர், தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுவது இயல்பு. அதைச் செய்துகொடுங்கள். கூடவே, மாலை நான்கு மணிக்கு வெயில் எந்தச் சுவரில் அடிக்கும், அங்கே சன்ஷேடு எவ்வளவு நீள வேண்டும், பத்து வருடம் கழித்து மகனுக்காக மாடி ஏற்றினால் படிக்கட்டு எங்கே வரும் என்று அவரோடு உட்கார்ந்து பேசுங்கள்.

கடைசியாக, புத்தகத்தில் நம் நாட்டுக் கட்டடக்கலைஞர் பாலகிருஷ்ண தோஷி இருந்தால் இந்தூரில் அவர் அமைத்த ஆரண்யா குடியிருப்பைப் பாருங்கள். 1989-இல் உருவானது. சுமார் 6500 மனைகள். வசதி குறைந்த குடும்பங்களுக்கு மனையோடு அடித்தளம், கழிவறை, தண்ணீர் மற்றும் சாக்கடை இணைப்பு ஆகியவற்றைக் கொடுத்துவிட்டு, மீதியைக் கையில் காசு சேரச் சேர அவர்களே கட்டிக்கொள்ளட்டும் என்று விட்டார். எப்படியெல்லாம் கட்டலாம் என்று காட்ட 80 மாதிரி வீடுகள் மட்டும் கட்டினார். குடும்பங்கள் மாடி ஏற்றின, முன்னறையில் கடை வைத்தன, தங்களுக்குப் பிடித்த வண்ணம் பூசின. மாதிரி வீடுகளின் பழைய படங்களை மட்டும் பார்த்து ஆரண்யாவை எடைபோட முடியாது. லீவு கிடைக்கும்போது இந்தூர் போய்வாருங்கள். அந்த 80 வீடுகளில் எதை எதை மாற்றியிருக்கிறார்கள், எதைத் தொடாமல் விட்டிருக்கிறார்கள் என்று குறித்து வந்து எழுதினால், உங்கள் கடிதத்தை முழுமையாக இங்கே வெளியிடுகிறேன்.