பிறவிக் கண்புரை: ஜீன் டெஸ்ட் ரிசல்ட்டுக்காகக் காத்திருக்கலாமா?

கேள்வி: எங்கள் பெண் குழந்தைக்கு ஐந்து வாரம் ஆகிறது. இரண்டு கண்ணிலும் நடுவில் வெள்ளையாகத் தெரிகிறது. பிறவிக் கண்புரை என்கிறார்கள். நான் அத்தை மகனைத்தான் கட்டியிருக்கிறேன். சொந்தத்தில் கட்டியதால் வந்தது என்று ஊரில் பேச்சு. என் மாமனாருக்கும் சின்ன வயதிலேயே பார்வை மங்கல். ஜீன் டெஸ்ட் எடுக்கச் சொல்கிறார்கள். ரிசல்ட் வந்தபிறகு ஆபரேஷன் வைத்துக்கொள்ளலாமா?
– ஒரு தாய், தக்கலை

பதில்: காத்திருக்காதீர்கள் அம்மா. பார்வையை மறைக்கும் அளவுக்குப் புரை இருந்தால், இரண்டு மாதம் ஆவதற்குள் எடுத்துவிடுவதே நல்லது. பார்க்கப் பழகும் மூளைக்கு இந்த வயதில் வெளிச்சம் போய்ச் சேர வேண்டும். ஜீன் டெஸ்ட் ரிசல்ட் வரப் பல வாரம் ஆகும். ஆபரேஷனுக்கு முன்பு பார்க்க வேண்டியவை வேறு: ருபெல்லா போன்ற தொற்று, பால் சர்க்கரையிலிருந்து வரும் கேலக்டோஸை உடலால் பயன்படுத்த முடியாத கேலக்டோசீமியா. இரண்டாவது இருந்தால் தாய்ப்பாலையே நிறுத்த வேண்டியிருக்கும் என்பதால் அதைத் தள்ளிப்போடக் கூடாது.

சரி, சொந்தம் பற்றிய பேச்சுக்கு வருகிறேன். பதமான நொங்கு கண்ணாடி மாதிரி இருக்கும், முற்றினால் வெளுத்துப்போகும் அல்லவா? கண்ணுக்குள் இருக்கும் லென்ஸும் தெளிவாக இருப்பது கிரிஸ்டலின், கனெக்சின் போன்ற புரதங்களால். அவற்றின் ஜீன் ஒன்றில் கோளாறு இருந்தால் பிறக்கும்போதே வெளுத்துவிடும். பெரும்பாலும் ஒரு பெற்றோரிடமிருந்து கோளாறான பிரதி ஒன்று வந்தாலே போதும். சொந்தத்தில் கட்டாவிட்டாலும் வரும்; ஒவ்வொரு பிரசவத்திலும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. சொந்தத்தில் கூடுவது, இருபக்கமிருந்தும் கோளாறு வந்தால் மட்டுமே வெளிப்படும் வகை. அதில் நாலில் ஒரு பங்கு. உங்கள் மாமனாரின் மங்கலும் புரைதான் என்றால், முதல் வகையைத்தான் நான் சந்தேகிப்பேன். அப்படியானால் ஊர்ப் பேச்சை நீங்கள் சுமக்க வேண்டியதே இல்லை.

அதனால் ரத்தம் எடுக்கும் முன்பே உங்கள் கணவரின் கண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள். குளச்சல் பக்கமிருந்து ஒரு தகப்பனார் என்னிடம் வந்தார். வலை பின்னுகிறவர்; "எனக்குக் கண்ணுல ஒரு குறையும் இல்ல டாக்டர்" என்றார். கண் மருந்து விட்டு, கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லாம்ப் கருவியில் பார்த்தால் இரண்டு லென்ஸிலும் மாவு தூவியது போலப் பொடிப் பொடியாகப் புள்ளிகள். அவர் கைக்குழந்தைக்கோ முழுப் புரை. ஒரே ஜீன்தான், ஆளுக்கு ஆள் வேறு அளவில் காட்டும்.

குடும்ப வரைபடத்துக்கு அவ்வளவு மதிப்பு உண்டு. 1963-இல் பிரிட்டனில் ரென்விக், லாலர் என்ற ஆராய்ச்சியாளர்கள் இருவரும், ஒரு குடும்பத்தில் புரையும் டஃபி என்ற ரத்த வகையும் சேர்ந்தே இறங்குவதைக் கண்டார்கள். அப்படியென்றால் இரண்டின் ஜீனும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன என்று அர்த்தம். 1968-இல் டஃபி ஜீன் 1-ஆம் குரோமோசோமில் (குரோமோசோம் என்பது ஜீன்கள் வரிசையாக இருக்கும் இழை) இருப்பது தெரிந்ததும் புரை ஜீனின் இடமும் தெரிந்தது. அந்த ஜீனையே கண்டுபிடிக்க 1998 ஆயிற்று. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட ஜீன்களை ஒரே தடவையில் படிக்கிறார்கள். அப்படியும் சில குடும்பங்களில் காரணம் பிடிபடாது.

டெஸ்ட் வேண்டாம் என்று சொல்லவில்லை. அடுத்த குழந்தை பற்றி யோசிக்கவும், கண்ணோடு வேறு உறுப்பையும் கவனிக்க வேண்டுமா என்று அறியவும் அது உதவும். குழந்தையோடு உங்கள் இருவர் ரத்தத்தையும் சேர்த்துக் கொடுங்கள்.

அப்புறம், ஆபரேஷன் முடிந்ததும் கண்ணாடியோ கான்டாக்ட் லென்ஸோ போட்டே ஆக வேண்டும். கண் அழுத்தம் பார்க்க வருடக்கணக்கில் வரவேண்டியிருக்கும். திருநெல்வேலியோ திருவனந்தபுரமோ, குழந்தைகள் கண் மருத்துவர் இருக்கும் இடத்துக்கு இந்த வாரமே போங்கள். மாமனாரையும் கூட்டிப் போங்கள்.